பட்டணத்துப் பெட்டிகள்
(ஊர்ப்பேச்சு – 7)

சென்ற வாரம் பீஜப்பூரிலும் கோல்கொண்டாவிலும் நின்றோம். சுல்தான்களே கவி பாடிய மொழி தக்கினி. 1686இல் பீஜப்பூர், 1687இல் கோல்கொண்டா என்று இரண்டும் அவுரங்கசீப்பிடம் விழுந்ததும் அந்த மொழிக்கு அரண்மனை போயிற்று, ஆட்கள் மட்டும் மிஞ்சினார்கள். சிப்பாய், குதிரைக்காரன், வியாபாரி, தர்கா முஜாவர் என்று அவர்களோடு சேர்ந்து அது தெற்கே நடந்து சீராவிலும் கோலாரிலும் வேர்விட்டது. சீரா சுபேதாரிடம் வேலை பார்த்த ஃபத் முகம்மதுவுக்குப் பிறந்தவர் ஹைதர் அலி.

இந்த வாரம் காவிரி இரண்டாகப் பிரிந்து மறுபடி கூடும் இடத்துக்கு, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வருகிறோம். சுற்று வட்டாரத்தில் யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை. பட்டணம்தான்.

* * *

ஜாமியா மசூதிக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை. பெஞ்சில் இருந்த பெரியவர் கடைப் பையனைப் பார்த்து, "ஷக்கர் நக்கோ" என்றார். சர்க்கரை வேண்டாமாம். பையன் யாரையோ பற்றி ஏதோ கேட்டான். பெரியவர் டம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்: "ஆதூம் போல்கே போல்யா."

ஹிந்தி வாத்தியார் யாரிடமாவது இந்த வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். தமிழ் தெரிந்தவருக்கோ இது உடனே பிடிபடும். ஆதூம் என்றால் வர்றேன், போல்கே என்றால் 'னு', போல்யா என்றால் சொன்னான். வர்றேன்னு சொன்னான். கன்னடக்காரர் 'பர்த்தீனி அந்த ஹேள்த' என்பார், அதே மூன்று சொல், அதே வரிசை. தில்லிக்காரர் இதைத் தலைகீழாகப் போடுவார்: 'உஸ்னே கஹா கி மைம் ஆதா ஹூம்'. அவன் சொன்னான் என்பது அங்கே முதலில் வந்துவிடும், என்ன சொன்னான் என்பது பின்னால் வரும்.

சொற்கள் வடக்கே பிறந்தவை, வாக்கியம் கோக்கப்படுவது நம் ஊர் நாரில். 'நக்கோ' மராத்தியிலிருந்து வந்தது. 'மேரேகு' என்று கேட்டதும் நம் 'எனக்கு' நினைவுக்கு வரும். அதற்காக அந்தக் 'கு' நாம் கொடுத்தது என்று மார் தட்ட வேண்டாம், அது வடக்கத்திய 'கோ'வின் உறவு. புத்தகங்களுக்கு அங்கே 'கிதாபேன்' என்றால் இங்கே 'கிதாபான்'. ஆம்பூர், வாணியம்பாடி, திருவல்லிக்கேணிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் காதோடு பழகியது.

பெரியவரிடம் இது என்ன பாஷை என்று கேட்டேன். "உருது" என்றார். ஒரு வாய் டீ குடித்துவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு, "சுத்த உருது இல்லே, நம்ம கச்சா உருது" என்றார்.

அந்தக் கூச்சத்தின் வயதைத் தேடித்தான் இந்த வாரம் பட்டணத்துக்கு வந்தேன்.

* * *

அப்பாவின் ஐந்து, மகனின் ஒன்று

ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தக்கினி, கன்னடம், தெலுங்கு, மராத்தி, தமிழ் என்று ஐந்து மொழிகளில் சரளமாகப் பேசுவார் என்று எதிரிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். கையெழுத்து கேட்டால் தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் போடுவார். 1761இல் மைசூரின் கடிவாளம் அவர் கைக்கு வந்தபோது, பட்டணத்தில் எந்த மொழிக்காரன் மனுவோடு வந்தாலும் துபாஷியைத் தேட வேண்டிய தேவை அவருக்கு அநேகமாக இருந்திருக்காது.

படிக்காத அப்பா மகனுக்கு வாத்தியார் வைக்கிறார். படிப்பு என்றால் அன்றைக்குப் பாரசீகம்தான்.

1782இல் ஹைதர் இறந்து திப்பு ஆட்சிக்கு வந்ததும் பட்டணத்தின் காகிதங்கள் நிறம் மாறின. கடிதம், உத்தரவு, நாணயத்தில் பொறிக்கும் வாசகம் எல்லாம் பாரசீகம். மாதங்களுக்குப் புதுப் பெயர் வைத்தார், நாணயங்களுக்கும் வைத்தார். ஸைனுல் ஆபிதீன் ஷூஸ்தரி என்பவரைக் கொண்டு 'ஃபத்ஹுல் முஜாஹிதீன்' என்ற ராணுவக் கையேட்டை எழுதுவித்தார். அணிவகுப்பு மைதானத்தில் அதுவரை ஐரோப்பிய மொழியில் ஒலித்த கட்டளைகளுக்குப் பதிலாகப் பாரசீகச் சொற்கள் வந்தன.

மைதானத்தில் நிற்கும் சிப்பாயை நினைத்துப் பாருங்கள். வீட்டில் கன்னடமோ தக்கினியோ பேசுகிறவன். பக்கத்தில் நிற்பவனிடம் தண்ணீர் கேட்பது தக்கினியில். வலப்பக்கம் திரும்பச் சொல்லும் உத்தரவு மட்டும் ஈரானிலிருந்து வருகிறது.

திப்பு தன் கனவுகளைக்கூடப் பாரசீகத்தில்தான் குறித்துவைத்தார். முப்பத்தேழு கனவுகள், சொந்தக் கையெழுத்தில். கனவு வந்த மொழி எதுவாக இருந்தாலும் நோட்டில் ஏறும்போது அது பாரசீகமாகிவிட்டது.

அதற்காகத் தக்கினியை அவர் வெறுத்தார் என்று சொன்னால் தவறு. ஹஸன் அலி இஸ்ஸத் என்ற அரசவைக் கவி அவருக்காகத் தொகுத்த 'முஃபர்ரிஹுல் குலூப்' பாரசீகப் பாடல்களும் தக்கினிப் பாடல்களும் கலந்தது. பாடுவதற்கும் ஆடுவதற்கும் உற்சாகம் ஏற்றுவதற்கும் ஊர்ப்பேச்சு வேண்டியிருந்தது. சட்டமும் கணக்கும் என்று வந்தால் அது வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. தக்கினியை வெள்ளைக்காரன் வந்து தாழ்த்தினான் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வசதியாக இருக்கும். அவன் வருவதற்கு முன்பே பட்டணத்து அரண்மனைக்குள் அதற்குத் திண்ணையில்தான் இடம்.

* * *

ஒன்றரை மணி

1799 மே 4. அக்கினி வெயில். காவிரியில் முழங்கால் அளவு தண்ணீர், பாறை.

பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில் டேவிட் பெய்ர்ட் தலைமையில் கிழக்கிந்தியக் கும்பினிப் படை ஆற்றில் இறங்கியது. இந்த பெய்ர்டுக்குப் பட்டணம் புதிதல்ல. 1780இல் பொள்ளிலூர்ப் போரில் பிடிபட்டு, 1784 வரை இதே ஊரில் சங்கிலியில் கிடந்தவர். காவலாளிகள் அதட்டிய தக்கினி அவர் காதில் இன்னும் மிச்சம் இருந்திருக்கும்.

மதில் உடைந்த இடத்தில் ஏறினார்கள். பொழுது சாய்வதற்குள் கோட்டை கைமாறியது. வாயில் ஒன்றின் அடியில் குவிந்து கிடந்த உடல்களுக்கு நடுவே திப்புவின் உடலை விளக்கு வெளிச்சத்தில் தேடி எடுத்தார்கள். மறுநாள் கும்பஸில், அப்பா ஹைதரின் பக்கத்தில் அடக்கம்.

அன்றிரவு நடந்த கொள்ளையை எல்லாச் சரித்திரப் புத்தகமும் எழுதியிருக்கிறது. சிம்மாசனத்தைத் துண்டு போட்டதும், நகைகள் சிப்பாய்களின் சட்டைப்பைக்குள் போனதும் பலருக்குத் தெரியும். நமக்கு வேண்டியது கொள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்க்காத ஒன்று. தங்கமும் இல்லை, வாளும் இல்லை.

அரண்மனையில் பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள் இருந்தன.

* * *

நான்கு புத்தகம்

மொத்தம் சுமார் இரண்டாயிரம் சுவடிகள். பின்னாளில் அவற்றுக்குப் பட்டியல் போட்டவர் சார்லஸ் ஸ்டூவர்ட். 1809இல் கேம்பிரிட்ஜில் அச்சான அந்தப் பட்டியலில் அட்டைகளைப் பற்றிக்கூட அவர் குறித்திருக்கிறார். பட்டணத்தில் மறுபைண்டு செய்த புத்தகங்களின் தோல் அட்டை நடுவே ஒரு பதக்கம், அதில் இறைவன், நபி, ஃபாத்திமா, ஹஸன், ஹுஸைன் பெயர்கள். நான்கு மூலையிலும் நான்கு கலீஃபாக்கள். மேலே 'சர்க்காரே குதாதாத்', இறைவன் தந்த அரசு. கீழே 'அல்லா காஃபி', அல்லா போதும்.

அந்த அட்டைகளுக்குள் இருந்தவை பல கை மாறி வந்தவை. சாவனூர், கடப்பா, ஆற்காட்டுச் சீமை என்று ஹைதரும் திப்புவும் வென்ற ஊர்களிலிருந்து தூக்கி வந்தவை நிறைய. சில அதற்கும் முன்பு பீஜப்பூர், கோல்கொண்டா சுல்தான்களுக்குச் சொந்தமாக இருந்தவை. சென்ற வாரம் நாம் நின்ற அதே அரண்மனைகளின் சொத்து. கொள்ளைப் பொருள் இன்னொரு முறை கொள்ளை போனது.

ஸ்டூவர்ட்டின் பட்டியலில் பொதுக் கவிதைப் பிரிவில் 190 நூல்கள், அநேகமாகப் பாரசீகம். வரலாறு 118. சூஃபி நூல்கள் 115. 'இந்தி, தக்கினிக் கவிதை' என்று தனியாக ஒரு தட்டு, அதில் 23. 'இந்தி, தக்கினி உரைநடை' என்று இன்னொன்று.

அதில் நான்கு.

1635இல் கோல்கொண்டாவில் வஜ்ஹி 'ஸப்ரஸ்' எழுதினார். பக்கம் பக்கமாக எதுகை துள்ளும் உரைநடை. அப்படிப்பட்ட மொழி, நூற்று அறுபது வருடம் கழித்து, அதைப் பேசுகிறவர்கள் நிறைந்த ஒரு தலைநகரத்தின் நூலகத்தில் நான்கு புத்தகமாக நிற்கிறது. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போக எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

பெட்டிகளை ஏற்றினார்கள். பெரும்பகுதி போன இடம் கல்கத்தா.

* * *

முன்தேதியிட்ட கல்லூரி

கவர்னர் ஜெனரல் ரிச்சர்ட் வெல்லெஸ்லிக்குப் பட்டணத்து வெற்றியின் ருசி நாக்கிலேயே இருந்தது. கூடவே ஒரு தலைவலி. இங்கிலாந்திலிருந்து பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் ரைட்டர் வேலைக்கு வந்து இறங்குகிறார்கள். நாளைக்கு ஜில்லாக்களை ஆளப்போகிறவர்களுக்கு ஊர்மொழி ஒன்றும் தெரியாது.

ஆகவே ஒரு கல்லூரி. பெயர் வில்லியம் கோட்டைக் கல்லூரி. அதற்கான சட்டம் நிறைவேறிய நாள் 1800 ஜூலை 10.

ஆனால் சட்டத்தின் தலையில் போட்ட தேதி 1800 மே 4. தெரிந்தேதான் போட்டார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த முதலாண்டு நினைவாக இந்தத் தேதி என்று வெல்லெஸ்லியின் உத்தரவே வெளிப்படையாகச் சொல்கிறது.

மொழிக் கல்லூரி ஒன்றின் பிறந்தநாள், ஒரு கோட்டை விழுந்த நாள். அந்தக் கோட்டையின் புத்தகங்களே அதன் நூலகத்துக்குப் போயின. நமக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்த ஸ்டூவர்ட்டும் அங்கே பாரசீகத் துறையில் உதவிப் பேராசிரியராக இருந்தவர்தான்.

இந்துஸ்தானித் துறைக்குத் தலைவர் ஜான் கில்கிறிஸ்ட். எடின்பரோவில் பிறந்தவர், மருத்துவராகக் கப்பலேறி 1782இல் பம்பாயில் இறங்கியவர். நாடு முழுக்கப் பேசும் ஒரு மொழி இருக்கிறது, அதைவிட்டு எல்லோரும் பாரசீகத்தைப் பிடித்துத் தொங்குகிறார்களே என்று அவருக்கு ஆத்திரம். அந்த மட்டில் அவர் கண்டது சரிதான். அந்த மொழியைப் பாரசீகம் தோய்ந்த அரசவை நடை, நடுத்தர நடை, பாமர நடை என்று மூன்றாகப் பிரித்தார். நடுவில் இருப்பதுதான் அசல் என்றார்.

சரி, அந்த நடுவின் முகவரி எது? பாடப்புத்தகம் எழுத முன்ஷிகளை வேலைக்கு எடுத்தபோது விடை தெரிந்தது. வந்தவர்கள் தில்லி, லக்னோ, ஆக்ரா பக்கத்தவர்கள்.

அவர்களில் பேர் போனவர் மீர் அம்மன். தில்லியில் பரம்பரையாக வாழ்ந்த குடும்பம், அப்தாலி படையெடுப்பில் வீடு சூறையாடப்பட்டு, பாட்னா வழியாகப் பிழைப்புத் தேடிக் கல்கத்தா வந்தவர். நான்கு தர்வேஷ்களின் கதையை கில்கிறிஸ்ட் கேட்டபடி பேச்சு நடையில் 'பாக் ஓ பஹார்' என்று எழுதினார். 1804இல் அது அச்சாகி வந்தது. படிக்க அருமையான உரைநடை, அதில் எனக்குக் கருத்து வேறுபாடில்லை. முன்னுரையில் அவர் ஒரு உரிமை கோருகிறார். எத்தனை இடர் வந்தாலும் தில்லியைவிட்டு அசையாமல் தலைமுறை தலைமுறையாகக் கிடந்தவன் பேச்சே சரியான பேச்சு என்கிறார்.

ஊரை இழந்த ஒருவரின் ஏக்கம் அது. கும்பினியின் அச்சு இயந்திரத்தில் ஏறியதும் அது விதியாகிவிட்டது. பல பத்தாண்டுகளுக்கு ராணுவ அதிகாரிகளின் இந்துஸ்தானித் தேர்வுக்கு 'பாக் ஓ பஹார்' பாடநூல். அப்படித் தேறிய துரை தெற்கே வேலைக்கு வந்து, தன் சிப்பாய் 'நக்கோ' என்றதும் முகம் சுளித்திருப்பார். சிப்பாய்க்குத் தன் பேச்சே தெரியவில்லை என்று நினைத்திருப்பார்.

* * *

ஒரு ஜெர்மானியர் சென்னைக்கு வந்தார்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கில்கிறிஸ்டுக்கு அறுபது வருடம் முன்பு, சென்னையில் பெஞ்சமின் ஷுல்ட்ஸே என்ற லூத்தரன் பாதிரியார் இருந்தார். தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்தவர். 1741இல் அவர் இந்துஸ்தானி இலக்கணம் ஒன்றை லத்தீனில் எழுதினார். அது 1745இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. அவர் காதில் விழுந்த இந்துஸ்தானி சென்னைத் தெருவில் புழங்கியது, அதாவது தக்கினி. இலக்கணம் எழுதத் தகுதியான மொழி என்றுதான் அவர் அதை எடுத்துக்கொண்டார்.

அவருடைய சொந்த நாட்டுக் கதையைக் கேட்டால் நம் கதையை வேறு வேஷத்தில் பார்ப்பது போலிருக்கும். வட ஜெர்மனியில் கீழ் ஜெர்மன் என்ற மொழி. லூபெக் வணிகர்கள் பால்டிக் கடல் முழுக்கக் கணக்கும் ஒப்பந்தமும் எழுதியது அதில். வணிகக் கூட்டணி தளர்ந்தது, லூத்தரின் பைபிள் கிழக்கு நடு ஜெர்மனியின் எழுத்து நடையைத் தேவாலயந்தோறும் கொண்டுபோனது. 1621க்குப் பிறகு நெடுங்காலம் கீழ் ஜெர்மனில் பைபிள் அச்சாகவில்லை. நேற்றுவரை ஒப்பந்தம் எழுதிய மொழி குடியானவன் பேச்சாயிற்று. 1774க்கும் 1786க்கும் இடையில் அடெலுங் தன் பெரிய அகராதியைப் போட்டார். மைசென் வட்டாரத்துப் படித்தவர்களின் பேச்சே உயர்ந்த ஜெர்மன் என்று வரையறுத்தார்.

அடெலுங்கின் அகராதி முடிந்த அதே 1786இல்தான் கில்கிறிஸ்டின் அகராதி பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கியது.

நாமும் இதற்குப் புதியவர்கள் இல்லை. செந்தமிழ் நாடு ஒன்று, அதைச் சுற்றிக் கொடுந்தமிழ் நாடு பன்னிரண்டு என்று நம் உரையாசிரியர்கள் எப்போதோ எல்லை கட்டிவிட்டார்கள். வீரமாமுனிவர் இரண்டுக்கும் தனித்தனியாக இலக்கணம் எழுதினார். ஆனால் நம் கொடுந்தமிழ்க்காரன் செந்தமிழும் தன்னுடையதுதான் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. பட்டணத்து டீக்கடைப் பெரியவருக்கு 'சுத்தம்' இருக்கும் இடம் ஆயிரத்துச் சொச்சம் மைலுக்கு அப்பால்.

* * *

வேலூர்

அந்தக் கூச்சத்தைக் கல்கத்தா உண்டாக்கியதா? வேலூர்க்காரர் ஒருவர் இல்லை என்று சாட்சி சொல்கிறார்.

பாக்கர் ஆகாஹ். 1745இல் வேலூரில் பிறந்தவர். அரபு, பாரசீகம், தக்கினி மூன்றிலும் எழுதிய மேதை, ஆற்காட்டு நவாபின் சென்னை அரசவையில் மதிப்போடு இருந்தவர். கும்பினிக் கல்லூரிக்கு முன்பே தன் நூல்களின் முன்னுரைகளில் இந்த வழக்கைப் பேசிவிட்டார். முகலாயர் தக்காணத்தைப் பிடித்தபின் இங்கத்திய பேச்சின் போக்கு மாறியது, போகப்போகத் தக்கினியைப் பேசவே ஜனங்கள் வெட்கப்பட்டார்கள் என்று எழுதினார். வடக்கத்தியக் கவிகளைப் புகழ்கிறவர்களைப் பார்த்து, பீஜப்பூர் நுஸ்ரதியைப் படித்துவிட்டு வந்து பேசுங்கள் என்ற தொனியில் வாதாடினார். மார்க்க நூல்களைப் பெண்களும் படிக்காதவர்களும் புரிந்துகொள்ள வேண்டும் என்று தக்கினியில் எழுதினார்.

பிறகு, ஒரு கட்டத்தில், 'குல்ஸாரே இஷ்க்' எழுதும்போது, அவரே வடக்கத்திய நடைக்கு மாறினார். இத்தனை வழக்காடிய மனிதர். அந்த இடத்தை என்னால் எளிதாகத் தாண்ட முடியவில்லை.

அவர் பிறந்த ஊரின் கோட்டைக்குத்தான் 1799இல் பட்டணத்திலிருந்து வண்டிகள் வந்தன. திப்புவின் மகன்கள், குடும்பத்துப் பெண்கள், வேலையாட்கள், எல்லோருக்கும் கோட்டைக்குள் காவலோடு குடியிருப்பு. கோட்டையைச் சுற்றிப் பட்டணத்துப் பேச்சு ஏழு வருடம் புழங்கியது. இன்றைக்கும் வேலூர்த் தெருக்களில் அதைக் கேட்கலாம்.

1806 ஜூலை 10. கல்லூரிச் சட்டம் நிறைவேறி நாள் பிசகாமல் ஆறு வருடம். விடியும் முன் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள். காலையிலேயே ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பியின் குதிரைப்படை வந்து அடக்கியது. கலகத்துக்குத் திப்புவின் பிள்ளைகளே மூலம் என்று கும்பினி முடிவு கட்டி, அவர்களைத் தெற்கிலேயே வைக்கக்கூடாது என்று கப்பலேற்றியது.

கப்பல் போன இடம் கல்கத்தா. அப்பாவின் புத்தகங்கள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்த அதே ஊர். 'சர்க்காரே குதாதாத்' முத்திரை போட்ட அட்டைகள் கல்லூரி அலமாரியில். அச்சகத்தில் தில்லி நடையில் புதுப் புத்தகங்கள். ஊருக்குத் தெற்கே டாலிகஞ்சில், கும்பினி தரும் பென்ஷனில், பட்டணத்துத் தக்கினியோடு ஒரு பெரிய குடும்பம்.

அந்த வீட்டில் அடுத்த தலைமுறைப் பிள்ளை முதன்முதலாகப் பலகை எடுத்து உட்கார்ந்தபோது, எதிரில் உட்கார்ந்த வாத்தியார் எந்த ஊர்க்காரர்? பிள்ளை 'நக்கோ' என்று சொன்னபோது, அதைத் திருத்தியது யார்?

(அடுத்த வாரம்)